கரகரக்கும் பழைய ஸ்பீக்கரை வீட்டிலேயே சரிசெய்ய: ஃபோம் வளையம் மாற்றுவதற்கான வழிகாட்டி

பத்து, இருபது வருடமாக வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி ஒருநாள் கரகரவென்று அடிக்க ஆரம்பிக்கும். கடையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "காயில் போயிருக்கும் சார், புது செட்டே வாங்கிடுங்க." பல நேரம் காயிலுக்கு, அதாவது காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு, ஒன்றுமே ஆகியிருக்காது. முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றி வளையமாக ஓடும் ஃபோம் உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். நம் ஊர் ஈரக்காற்றில், அதிலும் கடலோர ஊர்களில், ஃபோம் பத்துப் பதினைந்து வருடம் தாங்கினாலே பெரிய விஷயம்.

அந்த வளையத்தை வீட்டிலேயே மாற்றலாம். என் 8 அங்குல வூஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) ஜோடிக்கு மாற்றினேன். எதை அளக்க வேண்டும், எந்தப் பசை வாங்க வேண்டும், எவ்வளவு நேரம் காயவிட வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைக்காமல் அலைந்ததுதான் இதில் பெரும் சிரமம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தனித்தனி பெட்டியாக வரும் ஸ்டீரியோ, ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு இது பொருந்தும். கைக்குள் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பொருந்தாது. அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது அதில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம்.

1. கோளாறு ஸ்பீக்கரில்தானா என்று முதலில் பாருங்கள்

ஆம்ப்ளிஃபயரை அணையுங்கள். அதன் பின்பக்கம் இடது ஸ்பீக்கருக்குப் போகும் வயரை வலதிலும், வலதை இடதிலும் மாற்றிச் செருகிவிட்டுப் பாட்டுப் போடுங்கள். கரகரப்பு அதே பெட்டியில் இருந்தால் கோளாறு பெட்டியிலோ அதற்குப் போகும் வயரிலோ இருக்கிறது. அடுத்த பெட்டிக்குத் தாவிவிட்டால் ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்க்க வேண்டும். வயரை மாற்றும்போது மின்சாரம் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இரண்டு முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டவுடன் "டொப்" என்ற சத்தத்தோடு கோன் முன்னால் தள்ளியோ உள்ளே இழுத்தோ அப்படியே நிற்கிறதா? உடனே அணையுங்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிசி மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வருகிறது என்பதற்கு அது அடையாளம். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் ஓடாத நிலையில், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யாமல் ஸ்பீக்கரைத் தொடாதீர்கள். காசு கொடுத்துப் புதுக் காயில் போட்டு, அதே ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, அன்று மாலையே மறுபடி எரித்துக்கொள்பவர்கள் இதைப் பார்க்காதவர்கள்தான்.

இன்னொன்று: பெட்டியில் காற்று வருவதற்காக ஒரு குழாய் துளை இருந்தால் அதற்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், பல்லி முட்டை இட்டிருக்கலாம். முன்பக்க வலைச் சட்டம் ஆடுவதாலும் கரகரக்கும். அதைக் கழற்றிவைத்து ஒருமுறை கேளுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் வேலை இங்கேயே முடிந்தாலும் முடியும்.

2. கழற்றும் முன் சேர்க்க வேண்டிய காகிதமும் படமும்

பில்லைத் தேடுங்கள். வாரண்டி பெரும்பாலும் ஒரு வருடம். அதற்குள் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கில்லை. ஸ்க்ரூவைத் தொடாமல் பில், வாரண்டி அட்டை, சீரியல் எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். திறந்த பெட்டியை வாரண்டியில் எடுக்க மாட்டார்கள்.

வாரண்டி முடிந்திருந்தால் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மாடல் எண், ஓம் அளவு, வாட் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஸ்பீக்கரை வெளியே எடுத்த பிறகு காந்தத்தின் பின்பக்கம் இருக்கும் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மாடல் எண் வேறு, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் எண் வேறு. உதிரி தேடும்போது பெரும்பாலும் இரண்டாவதுதான் உதவும்.

பெரிய நிறுவனத்தின் செட் என்றால், மாடல் எண்ணோடு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் செய்து ஸ்பீக்கர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேட்டுவைப்பது நல்லது. பழைய மாடலுக்குப் பெரும்பாலும் "இல்லை" என்பார்கள். அந்தப் பதிலும் தேவை. நியாயமான விலைக்கு முழு ஸ்பீக்கரே கிடைத்தால் பசை வேலையே வேண்டாமே.

3. கழற்றுவது

பெட்டியைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நிற்க வைத்துக் கழற்றினால் கடைசி ஸ்க்ரூ வெளியே வந்ததும் ஸ்பீக்கர் காந்தக் கனத்தில் முன்னால் விழும். வயர் அறும், கோன் கிழியும்.

ஸ்க்ரூடிரைவரைக் கெட்டியாகப் பிடியுங்கள். காந்தம் அதைப் பட்டென்று இழுக்கும், முனை நேராகக் கோனில் இறங்கும். நன்றாக இருந்த கோன்கள் பல ரிப்பேரின்போது கிழிவது இப்படித்தான். இடது உள்ளங்கையைக் கோனுக்கு மேலே மறைப்பாக வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் எடுத்தும் ஸ்பீக்கர் வராவிட்டால் அது பெட்டியோடு ஒட்டியிருக்கிறது என்று பொருள். தட்டையான, கூரில்லாத கத்தியை ஓரத்தில் விட்டு மெதுவாகச் சுற்றிவர நெம்புங்கள். வெளியே வந்ததும் வயரை எடுக்கும் முன் படம் எடுங்கள். எந்த நிற வயர் எந்த முனையில் இருந்தது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். முனையின் பக்கத்தில் சிவப்புப் புள்ளியோ கூட்டல் குறியோ இருக்கும். உள்ளே மஞ்சளாகப் பஞ்சு மாதிரி இருந்தால் அது கண்ணாடி இழையாக இருக்கலாம். கையுறை போடாமல் தொட்டால் அரிக்கும்.

4. மீட்டர் சொல்வதைப் படிப்பது

சாதாரண மல்டிமீட்டர் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை 200 ஓம் அளவில் வைத்து, வயர் கழற்றிய ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் தொடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.7 வரை. அட்டையில் 8 என்று போட்டுவிட்டு 6 காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம். அட்டையில் இருப்பது ஒலி ஓடும்போது இருக்கும் அளவு. மீட்டர் அளப்பது கம்பியின் தடையை மட்டும்.

எண்ணே வராமல் 1 என்றோ ஓஎல் என்றோ நின்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. காயில் எரிந்ததாக அதற்குள் முடிவு கட்டாதீர்கள். முனையிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பி அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டிக்குள் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அது டிசியை விடாது. மீட்டர் ஓம் அளப்பதோ டிசியை வைத்துத்தான். அதனால் அந்தக் கெப்பாசிட்டரைத் தாண்டி அளந்தால் நல்ல ட்வீட்டரும் செத்தது போலத்தான் காட்டும். ட்வீட்டரின் முனையிலிருந்து ஒரு வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை அந்த முனைகளிலேயே நேராக வைத்து அளக்க வேண்டும்.

அடுத்து கைச் சோதனை. கோனின் எதிரெதிர் பக்கங்களில் இரண்டு கை விரல்களையும் வைத்து, சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் போய்வந்தால் காயில் நடுவில் இருக்கிறது. மணல் உரசுவது போல "சர்" என்றால் காயில் காந்தத்தில் உரசுகிறது. ஃபோம் ஒரு பக்கம் உதிர்ந்து கோன் சாய்ந்ததால் வந்த உரசலாக இருந்தால் புது ஃபோமோடு சரியாகிவிடும். ஆனால் பெட்டி கீழே விழுந்த பிறகு தொடங்கிய உரசலா? காந்தம் நகர்ந்திருக்கலாம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

கடைசியாக விரலால் ஃபோம் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ, காயில் நன்றாக இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியது கீழே இருக்கும் வேலைதான். ஒன்றில் உதிர்ந்திருந்தால் ஜோடியிலும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே வயது. மற்றொன்றும் கூடிய சீக்கிரம் போகும்.

5. அளவெடுத்து வாங்குவது

பணம் வீணாவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

"8 இன்ச் ஃபோம்" என்று கேட்டு வாங்காதீர்கள். 8 அங்குலம் என்பது ஸ்பீக்கர் சட்டத்தின் அளவு. ஒரே 8 அங்குலச் சட்டத்தில் வெவ்வேறு நிறுவனம் வெவ்வேறு அகலக் கோன் போட்டிருக்கும். ஃபோம் பொருந்த வேண்டியது கோனோடு. எனக்கு இணையத்தில் வந்து சேர்ந்த முதல் ஜோடி, விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த அளவுக்கும் கையில் வந்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. விற்றவர் "எட்டு இன்ச் எல்லாம் ஒன்றுதான்" என்று சாதித்தார். வாங்கும் முன் எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் இருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது. மில்லிமீட்டர் அளவு போட்டிருக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், திருப்பி எடுக்கும் விதியையும் படித்துவிடுங்கள்.

அளக்க வேண்டியவை ஐந்து, எல்லாம் மில்லிமீட்டரில்:

கோனின் முழு விட்டம், அதாவது பழைய ஃபோமை நீக்கினால் மிஞ்சும் கோனின் ஓரம் முதல் எதிர் ஓரம் வரை.
ஃபோமின் வெளி விளிம்பு விட்டம். இது சட்டத்தின் மேல் உட்காரும் பகுதி.
ஃபோமில் புடைத்து வளைந்த மேடு வெளிப்பக்கம் தொடங்கும் இடத்தின் விட்டம்.
அதே மேடு உள்பக்கம் முடியும் இடத்தின் விட்டம்.
ஃபோமின் நடுத் துளையின் விட்டம்.

இவற்றில் உயிரான பொருத்தம் முதலாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில். கோனின் ஓரம், மேடு முடியும் இடத்தோடு நிற்க வேண்டும், அல்லது 1, 2 மி.மீ. உள்ளே இருக்கலாம். மேட்டுக்கு அடியில் நுழைந்தால் கோன் அசையும்போது இடிக்கும். வெளி விளிம்பு சற்றுப் பெரிதாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம். உள் அளவு தவறினால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னும் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா? உள் விளிம்பு தட்டையாக இருந்ததா, கோனின் சரிவுக்கேற்பச் சாய்ந்திருந்ததா? புதியதும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

ரப்பர் வளையம் நிறைய நாள் உழைக்கும் என்று கடையில் தள்ளப் பார்ப்பார்கள். உழைக்கும், உண்மைதான். ஆனால் அது ஃபோமைவிடக் கனம். ஃபோமுக்காகச் செய்த ஸ்பீக்கரில் ரப்பரைப் போட்டால் பேஸ் மாறும். பாட்டை உட்கார்ந்து கேட்கிற ஆள் என்றால் ஃபோமுக்கு ஃபோமே போடுங்கள். டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும் செட்டுக்கு ரப்பர் போட்டால் குடி முழுகிவிடாது.

சென்னையில் என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிட்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையில் போனால் கடைக்காரருக்குப் பேசப் பொறுமை இருக்கும். முடிந்தால் ஸ்பீக்கரையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் அளவு எழுதிய தாளும், பழைய ஃபோமில் உதிராத ஒரு துண்டும் போதும். ஒரு துண்டுச் சீட்டிலாவது பில் வாங்கி, "சைஸ் சேரலைன்னா மாத்தித் தருவீங்களா" என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

செலவு எனக்குத் தெரிந்த வரை இப்படி இருக்கும். 8 அங்குல ஃபோம் ஜோடி 200 முதல் 600 ரூபாய் வரை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அதற்கும் மேல். பசை 50 ரூபாய்க்குள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில் 100 ரூபாய் சுமார். காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய டூத்பிரஷ், துணி மாட்டும் கிளிப் ஒரு டஜன் வீட்டிலேயே இருக்கும். ஈயம் வைக்கும் வேலையும் இருந்தால் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயக் கம்பி, ஃபிளக்ஸ் மூன்றும் சேர்ந்து 400 ரூபாய் போல ஆகும்.

6. பழைய ஃபோமைச் சுரண்டி எடுப்பது

அலுப்பான வேலை. ஒரு ஸ்பீக்கருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோம் துணியில் பட்டால் கறை போகாது.

சட்டத்தின் மேல் அட்டையிலோ கார்க்கிலோ செய்த வளையம் ஒட்டியிருந்தால் அதைக் கத்தியால் மெல்லப் பிரித்து எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கடைசியில் திரும்ப ஒட்ட வேண்டும். சட்டத்தில் இருக்கும் பழைய பசையைத் தாராளமாகச் சுரண்டலாம், அது பெரும்பாலும் இரும்போ அலுமினியமோதான். கோனில் அப்படிச் செய்யக்கூடாது. பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, பிழிந்து, ஓரத்தில் தடவி ஒரு நிமிடம் விட்டு, விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். காகிதக் கோன் ஊறிவிட்டால் ஓரம் பிரியும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகவே நனையுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். பிளாஸ்டிக் கோன் உருகலாம், நடுவில் இருக்கும் மூடியின் பசையும் விட்டுவிடும்.

ஸ்பீக்கரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சுரண்டினால் துகள் உள்ளே விழாது. முடிந்ததும் கவிழ்த்துப் பிடித்து பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இரும்புத் தூள் இருக்கும் மேசையில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். காந்தம் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், காயில் இடுக்கில் போன தூளை எடுப்பது நரகம்.

7. ஒட்டுவது

பசை எது என்பது கோனைப் பொறுத்தது. காகிதக் கோனும் ஃபோமும் என்றால் தச்சர்கள் மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, ஃபெவிகால் வகை, போதும். மெதுவாகக் காயும் என்பதுதான் அதன் நன்மை. நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், தவறினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பளபளப்பான பிளாஸ்டிக் கோனிலும் ரப்பர் வளையத்திலும் வெள்ளைப் பசை பிடிக்காது, உரிந்து வந்துவிடும். அதற்கு ரப்பர் வகைப் பசை வேண்டும். முதலில் ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துக் கோனை அரிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஃபெவிகுவிக் மாதிரி நொடியில் ஒட்டும் பசை எந்தக் கோனுக்கும் ஆகாது. கல்லாக இறுகும், ஃபோம் மடங்கும் இடத்தில் வெடிக்கும், நடுவில் இல்லாமல் ஒட்டிவிட்டால் திருத்தவும் முடியாது.

முதலில் பசையில்லாமல் ஃபோமை வைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உட்கார்ந்தால் சரி.

முதல் கட்டம், கோன் பக்கம். கோனின் ஓரத்திலும் ஃபோமின் உள் விளிம்பிலும் மெல்லியதாகப் பசை தடவி, ஃபோமை நடுவாக வைத்து, விரலால் சுற்றிவர அழுத்துங்கள். பசை சற்றுப் பிடிக்கும் வரை பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே சுற்றிச் சுற்றி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது தூக்கிக்கொண்டால் அந்த இடத்தில் பிறகு காற்றுக் கசியும். இதில் வெளி விளிம்பு இன்னும் சட்டத்தில் ஒட்டாமல் இருக்கும், இருக்கட்டும். இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்றால் இரவு முழுக்க விடுவது நல்லது, ஈரக்காற்றில் வெள்ளைப் பசை காயவே காயாது.

இரண்டாம் கட்டம், சட்டத்தின் பக்கம். காயில் நடுவில் நிற்பதும் உரசுவதும் இதைப் பொறுத்தது. சட்டத்தில் சுற்றிவரப் பசை தடவி, ஃபோமின் வெளி விளிம்பை அதன் மேல் படிய விடுங்கள். உடனே அழுத்த வேண்டாம். ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, போனில் ஒலி அலை உருவாக்கும் ஆப் ஒன்றைப் போட்டு 30 ஹெர்ட்ஸ் வையுங்கள். வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள், கோன் ஓரிரு மில்லிமீட்டர் ஆடினால் போதும். காதைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இந்த ஒலி கிட்டத்தட்ட காதில் விழாது. அதனால் உரசல் இருந்தால் தனியாகத் தெரியும். உரசினால் ஃபோமின் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று நகர்த்தி, உரசல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நின்றதும் ஒலியை அணைத்து, சுற்றிவர விரலால் அழுத்தி, துணி கிளிப்புகளை ஒன்றுக்கு எதிர் ஒன்று என்ற வரிசையில் மாட்டுங்கள். மறுபடி ஒரு நிமிடம் ஒலி விட்டுக் கேளுங்கள். கிளிப் மாட்டும்போது நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

ரப்பர் வகைப் பசைக்கு இந்த அவகாசம் கிடையாது, தொட்டால் பிடித்துவிடும். ஆகவே அதில் பசை தடவும் முன்பே ஒலி விட்டு இடம் பார்த்து, சட்டத்திலும் ஃபோமிலும் பென்சிலால் நான்கு இடத்தில் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கோடு ஒட்ட வேண்டும்.

நடு மூடியை வெட்டி, காயிலைச் சுற்றி மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி நடுவாக்கும் முறை ஒன்று உண்டு. பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிச் செருகுவார்கள். துல்லியமானதுதான், ஆனால் மூடியையும் மாற்ற வேண்டும். முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கோனின் பின்னால் இருக்கும் மடிப்பு மடிப்பான துணி வட்டம், ஸ்பைடர், தொங்காமல் இருந்தால் அதுவே காயிலை ஏறக்குறைய நடுவில் பிடித்துக்கொள்ளும். ஒலி வைத்துப் பார்ப்பதே போதும்.

இனி 24 மணி நேரம் தொடாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மறுநாள் கிளிப்பை எடுத்துவிட்டு, எடுத்துவைத்த அட்டை வளையத்தை அதே பசையால் ஒட்டுங்கள். சனிக்கிழமை காலை தொடங்கினால் ஞாயிறு இரவு பாட்டுக் கேட்கலாம், மழைக்காலம் என்றால் திங்கள்.

8. ஃபோம் தவிர வேறு சேதம் இருந்தால்

காகிதக் கோனில் சின்னக் கிழிசல்: டிஷ்யூ பேப்பரில் ஒரு படலத்தை மட்டும் பிரித்து, வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்து, கிழிசலின் பின்பக்கம் ஒட்டுங்கள். முடிந்தால் முன்பக்கமும். செல்லோடேப் நடுங்கும், எம்சீல் கனத்துவிடும். இரண்டுமே வேண்டாம்.

பின்னல் கம்பி அறுந்தது: முனையிலிருந்து கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பி கோடிக்கணக்கான முறை ஆடி ஆடி அறும், பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில். கம்பியைக் கையால் லேசாக அசைத்தால் சத்தம் விட்டு விட்டு வரும், அதுதான் அடையாளம். நீளம் மிச்சமிருந்தால் அறுந்த இடத்தைத் திரும்ப ஈயம் வைத்து ஒட்டலாம். ஈயம் கம்பிக்குள் நெடுக ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் ஏறிய இடம் விறைக்கும், அங்கேயே மறுபடி அறும். நீளம் போதாவிட்டால் ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பின்னல் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வயரைப் போட்டால் சில வாரம்கூடத் தாங்காது.

உச்ச ஒலி மங்கியது: ட்வீட்டர் நன்றாக இருந்தும் மங்கினால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகியிருக்கலாம். அதே மைக்ரோஃபாரட் அளவில் நான்-போலார் கெப்பாசிட்டர் வாங்கி மாற்றுங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். ஒரு பக்கம் கழித்தல் கோடு போட்ட சாதாரண கெப்பாசிட்டர் இங்கே ஆகாது.

காயில் எரிந்தது: கருகிய வாடை அடிக்கும், பின்னல் கம்பி நன்றாக இருந்தும் மீட்டர் எண் காட்டாது. இதற்குப் புதுக் கோன், காயில், ஸ்பைடர் எல்லாம் போட்டு "ரீகோன்" செய்ய வேண்டும். கடையில் கொடுங்கள். கொடுக்கும் முன் விலை, எத்தனை நாள், எரிந்தால் மறுபடி செய்து தருவார்களா, இந்த மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஓம் அளவையும் எழுதச் சொல்லுங்கள். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் காயில் போட்டுக் கொடுத்தால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிச் சாகலாம். வாங்கும்போது கடையிலேயே மீட்டரை வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.

கோயில், திருமண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர்: இதில் கோன் கிடையாது, பின்னால் யூனிட்டுக்குள் ஒரு தகடு, டயஃப்ரம், இருக்கும். அது தனியாக விற்கும். பல மாடல்களில் ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றி மாட்டுவதோடு வேலை முடிந்தது. மாடல் எண் சொல்லி வாங்குங்கள். ஆனால் ஒன்று, இந்த ஸ்பீக்கர்களை 100 வோல்ட் லைனில் ஓட்டுவதுண்டு. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

முழு ஸ்பீக்கரையே மாற்றுவதென்றால் ஓம், சட்ட விட்டம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, ஆழம் நான்கும் பொருந்த வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச சக்தி) வாட் எண்ணைப் படிக்கவே வேண்டாம். அது விற்பதற்கான எண்.

9. திருப்பி மாட்டுவது

ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லின் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும் மறுமுனையை மற்றதிலும் ஒரு நொடி தொடுங்கள். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் கோன் முன்னால் வரும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பக்கம் அசைகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போகும்படி வயர் கொடுத்துவிட்டால் பேஸ் காணாமல் போகும், "ஃபோம் மாற்றியது வீண்" என்று நினைப்பீர்கள். இந்தச் சோதனையை வூஃபரில் மட்டும் செய்யுங்கள், ட்வீட்டரில் வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியும் வேண்டாம்.

படத்தைப் பார்த்து வயரைக் கொடுத்து, பஞ்சைப் பழைய இடத்திலேயே வைத்து, ஸ்பீக்கரை உட்கார வையுங்கள். ஸ்க்ரூவை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதாக இறுக்கினால் சட்டம் நெளியலாம், பட்ட பாடெல்லாம் போய் மறுபடி உரசும். அழுத்திய மரத்தூள் பலகையில் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், தீக்குச்சியின் மருந்து முனையை வெட்டிவிட்டு, குச்சியைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் அடைத்து, காய்ந்த பிறகு ஸ்க்ரூ போடுங்கள். முதல் இரண்டு, மூன்று நாள் பாதி வால்யூமுக்கு மேல் வைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். புது ஃபோமில் நேர் வெயில் படுகிற ஜன்னலோரமாகப் பெட்டி இருந்தால் அதை மட்டும் இடம் மாற்றி வையுங்கள்.